தீர்ப்பு வந்தும் பணம் வரவில்லையா? நிறைவேற்றுதல் மனு போடுவோருக்கு ஒரு வழிகாட்டி

வழக்கில் வென்றுவிட்டோம், இனி நீதிமன்றமே பணத்தை வாங்கிக் கொடுத்துவிடும் என்று நம்பிக் காத்திருப்பவர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் எந்த உரிமையியல் நீதிமன்றமும் தானாக அப்படிச் செய்வதில்லை. "வட்டியோடும் செலவுத் தொகையோடும் கொடுக்க வேண்டும்" என்று தீர்ப்பு எழுதிய அன்றோடு அந்த வழக்கின் கோப்பு மூடப்படுகிறது. கடனாளி கொடுத்தாரா இல்லையா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பணத்தை வசூலிக்க நீங்கள்தான் தனியாக இன்னொரு மனு போட வேண்டும். அதற்கு நிறைவேற்றுதல் மனு என்று பெயர். நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் "ஈ.பி." என்பார்கள்.

நான் கட்டுமானப் பொருள் கடை வைத்திருக்கிறேன். சிமெண்டும் கம்பியும் கடனுக்கு வாங்கிய ஓர் ஒப்பந்தக்காரர் மீது வழக்குப் போட்டுத் தீர்ப்பும் வாங்கினேன். அதன் பிறகு பட்ட பாடுதான் பெரிது. என்னைப் போன்ற சிறு வியாபாரிகளும், கைமாற்றுக் கொடுத்தவர்களும், வீட்டு முன்பணம் திரும்பாதவர்களும் அதே பாட்டைப் படக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். இது உரிமையியல் நீதிமன்றத்தில் பெற்ற பணத் தீர்ப்புக்கு மட்டும். காசோலை வழக்குக்கும் நுகர்வோர் ஆணைய உத்தரவுக்கும் வழி வேறு.

முதலிலேயே ஒன்றை மனத்தில் வையுங்கள். கடனாளியின் சொத்து எங்கே இருக்கிறது என்று நீதிமன்றம் தேடாது. தேடிச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அது தெரிந்தவருக்கு நிறைவேற்றுதல் மனு பலம் வாய்ந்த கருவி. தெரியாதவருக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தாதான் மிஞ்சும்.

1. காகிதங்களைச் சேகரியுங்கள்

தீர்ப்பு வேறு, தீர்ப்பாணை வேறு. காரண காரியங்களை விளக்கி நீதிபதி எழுதுவது தீர்ப்பு. யார், யாருக்கு, எவ்வளவு, எந்த வட்டியில் கொடுக்க வேண்டும் என்ற சுருக்கமான ஆணை தீர்ப்பாணை. வக்கீல்கள் "டிக்ரி" என்பது இதைத்தான். நிறைவேற்றப்படுவது டிக்ரிதான். தீர்ப்பு வந்தவுடனே இரண்டுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு நகல் மனு போட்டுவிடுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் வரி வரியாகப் படியுங்கள். கடனாளியின் பெயர், தந்தை பெயர், முகவரி, தொகை, வட்டி தொடங்கும் தேதி ஆகியவற்றில் பிழை இருந்தால் அப்போதே திருத்த மனு போடுங்கள். ஏலம் வரை போன பிறகு பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதை எதிர்த்தரப்பு வக்கீல் கண்டுபிடித்தால் பல மாதங்கள் வீணாகும்.

தீர்ப்பாணை யார் பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியம். தனியார் நிறுவனத்தின் மீது மட்டும் டிக்ரி இருந்தால் அதன் இயக்குநரின் சொந்த வீட்டைத் தொட முடியாது. கூட்டு வணிகம் என்றால் வணிகச் சொத்து மீதும், வழக்கில் பங்குதாரராக அழைப்பாணை பெற்றவர் அல்லது முன்னிலையானவர் மீதும் போகலாம். தனிநபர் நடத்தும் கடை என்றால் கடையும் அவரும் ஒன்றுதான்.

2. கெடுக்களைக் குறித்து வையுங்கள்

பணத் தீர்ப்பாணையை நிறைவேற்ற 12 ஆண்டுகள் அவகாசம் உண்டு. இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். உண்மையில் பொருட்படுத்த வேண்டிய கெடு இரண்டு ஆண்டுகள். தீர்ப்பாணை தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 21 விதி 22-இன்படி கடனாளிக்கு முன்னறிவிப்பு தர வேண்டிய கட்டாயம் இல்லை. அதைத் தாண்டினால் பொதுவாக முதலில் நோட்டீஸ் போக வேண்டும். அந்த நோட்டீஸ் போய்ச் சேர்வதற்குள் வங்கிக் கணக்கு காலியாகிவிடும், லாரி மைத்துனர் பெயருக்கு மாறிவிடும்.

இன்னொரு பக்கம், கடனாளிக்கும் கெடு உண்டு. மாவட்ட உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாட்கள். அவர் வராமலேயே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்திருந்தால் அதை ரத்து செய்யக் கோரவும் 30 நாட்கள். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு அதன் பிறகும் வருவார்கள். நிறைவேற்றுதல் நோட்டீஸ் கைக்குப் போன மறுவாரமே "எனக்கு வழக்கே தெரியாது" என்று ஒரு மனு வந்து நிற்பது வாடிக்கை. அப்படி வந்தால் வெறுமனே எதிர்ப்புத் தெரிவித்து நிற்காதீர்கள். தீர்ப்புத் தொகையில் ஒரு பகுதியை நீதிமன்றத்தில் கட்டினால்தான் மனுவை ஏற்க வேண்டும் என்று உங்கள் எதிருரையில் எழுத்தில் கேளுங்கள்.

மேல்முறையீடு போட்டதாலேயே நிறைவேற்றுதல் நின்றுவிடாது. தடையுத்தரவு வாங்கினால்தான் நிற்கும். "அப்பீல் போட்டிருக்கிறோம்" என்று சொல்லி வாய்தா கேட்டால், தடையுத்தரவின் நகல் எங்கே என்று உங்கள் வக்கீல் கேட்க வேண்டும். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முன்கூட்டியே கேவியட் மனு போட்டு வைத்தால் உங்களைக் கேட்காமல் தடை கொடுக்க மாட்டார்கள். அது 90 நாட்களுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

3. சொத்து விவரம் தேடுங்கள்

மனு போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. இதில் செலவிடும் நேரம் எதுவும் வீண் இல்லை.

வங்கிக் கணக்கு: பழைய வரவு செலவைப் புரட்டுங்கள். அவர் எப்போதோ கொடுத்த காசோலையின் நகல், பணம் அனுப்பிய ரசீது, கைபேசி வழியாகச் செலுத்திய விவரம் எதிலாவது வங்கிக் கிளையும் கணக்கு எண்ணும் இருக்கும். வழக்கில் சான்றாவணமாகப் போட்ட தாள்களிலேயே பல நேரம் கிடைத்துவிடும்.

நிலம், வீடு: சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கலாம், வருவாய்த் துறை இணையதளத்தில் பட்டாவும் பார்க்கலாம். சர்வே எண் தெரியாவிட்டால் ஊரில் கிராம நிர்வாக அலுவலரையோ பக்கத்து நிலத்துக்காரரையோ விசாரிப்பதே சுருக்கு வழி. வில்லங்கச் சான்றில் இரண்டைப் பாருங்கள்: ஏற்கெனவே வங்கி அடமானம் இருக்கிறதா, உங்கள் வழக்கு தொடங்கிய பிறகு மனைவிக்கோ மகனுக்கோ தானசெட்டில்மெண்ட் எழுதப்பட்டிருக்கிறதா. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கில் செய்த மாற்றம் என்றால் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 53-இன் கீழ் அதைச் செல்லாததாக்கக் கோரலாம். ஆனால் நோக்கத்தை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது, காலமும் பிடிக்கும்.

சம்பளம்: எங்கே வேலை, சம்பளம் பட்டுவாடா செய்யும் அதிகாரி யார், அலுவலக முகவரி என்ன.

வரவேண்டிய பணம்: இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கடனாளி வீட்டில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவருக்கு வேறொருவர் பணம் தர வேண்டியிருக்கும். ஒப்பந்தக்காரருக்கு வேலை கொடுத்தவரின் பாக்கிப் பட்டியல், வீட்டு உரிமையாளருக்கு வரும் வாடகை ஆகியவற்றையும் பற்றுகை செய்யலாம், அதாவது நீதிமன்ற ஆணையால் முடக்கிவைக்கலாம்.

வாகனம்: பதிவுச் சான்றில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் அதன் மீது அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். முதல் உரிமை கடன் கொடுத்த நிறுவனத்துக்குத்தான்.

4. எதைத் தொட முடியாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 60 ஒரு பட்டியல் தருகிறது. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் தொழிற்கருவிகள், விவசாயியின் உழவு மாடும் கருவியும் விதைநெல்லும், விவசாயியோ கூலித் தொழிலாளியோ குடியிருக்கும் வீடு, தொழிலாளர் கூலி, அரசு ஓய்வூதியம், சேமநல நிதி, ஆயுள் காப்பீட்டுத் தொகை ஆகிய எதையும் ஜப்தி செய்ய முடியாது. தாலியும் அப்படித்தான். இந்த வரம்பு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஒருவருடைய அன்றாடப் பிழைப்பை முடக்கினால் உங்கள் பணமும் வராது.

5. எந்த நீதிமன்றத்தில் போடுவது

தீர்ப்பாணை கொடுத்த நீதிமன்றத்திலேயே போடலாம், அந்த எல்லைக்குள் கடனாளியோ சொத்தோ இருந்தால். வேறு மாவட்டத்தில் இருந்தால் பிரிவு 39-இன் கீழ் தீர்ப்பாணையை அந்த நீதிமன்றத்துக்கு அனுப்பக் கோரி முதலில் ஒரு மனு போட வேண்டும். தீர்ப்பாணையின் நகலோடு, எவ்வளவு வசூலாகவில்லை என்ற சான்றும் சேர்ந்து போக வேண்டும். இந்தக் காகிதங்கள் ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேரும் இடைவெளியில்தான் பல வழக்குகள் தூங்குகின்றன. அனுப்பிய எண், தேதி இரண்டையும் குறித்துக்கொண்டு, சென்று சேர்ந்ததா என்று அங்கேயே போய் விசாரியுங்கள்.

உங்கள் வழக்கு சிறுவழக்கு நடைமுறையில் (சிறு தொகை வழக்குகளுக்கான சுருக்க விசாரணை) நடந்திருந்தால் ஒரு நல்லதும் ஒரு தொல்லையும் உண்டு. அந்தத் தீர்ப்புக்கு வழக்கமான மேல்முறையீடு கிடையாது, சீராய்வு மட்டுமே. அது நல்லது. தொல்லை என்னவென்றால், சிறுவழக்கு நீதிமன்றம் அசையாச் சொத்தின் மீது நிறைவேற்றுதல் நடத்த முடியாது. வீட்டையோ மனையையோ பிடிக்க வேண்டுமென்றால் வழக்கமான உரிமையியல் நீதிமன்றத்துக்குத் தீர்ப்பாணையை மாற்றியாக வேண்டும்.

6. மனுவை எழுதுங்கள்

மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கட்டளை 21 விதி 11 சொல்கிறது: வழக்கு எண், இருதரப்பார் பெயர், தீர்ப்பாணை தேதி, மேல்முறையீடு உண்டா, இதுவரை வந்த தொகை, முன்பு போட்ட நிறைவேற்றுதல் மனுக்களும் அவற்றின் முடிவும், இன்று வரவேண்டிய தொகை, வழக்குச் செலவு, யார் மீது, எந்த வழியில். அசையாச் சொத்து என்றால் சர்வே எண், நான்கெல்லை, கடனாளியின் பங்கு எவ்வளவு என்பதும் வேண்டும். அசையும் பொருள் என்றால் ஓரளவு துல்லியமான பட்டியல் வேண்டும்.

வட்டிக் கணக்கைத் தனித் தாளில் எழுதி இணையுங்கள். தீர்ப்பாணைக்குப் பிந்தைய வட்டி பொதுவாக ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மிகாது. வணிகக் கொடுக்கல் வாங்கல் என்றால் கூடுதலாகவும் கொடுத்திருக்கலாம். 2,00,000 ரூபாய் அசலுக்கு 6 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். இடையில் அவர் ஏதாவது கொடுத்திருந்தால் தீர்ப்பாணை வேறு விதமாகச் சொல்லாத வரை முதலில் வட்டிக்கும் செலவுக்கும் கழித்து, மிச்சத்தைத்தான் அசலில் கழிக்க வேண்டும்.

நிறைவேற்றுதல் மனுவுக்கான நீதிமன்றக் கட்டணம் வழக்குக்குக் கட்டியதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. செலவு வேறு இடங்களில் வரும்: ஒவ்வொரு நோட்டீஸுக்கும் ஆணைக்கும் பேட்டா (அதைக் கொண்டுசேர்க்க நீதிமன்றத்தில் கட்டும் கட்டணம்), வில்லங்கச் சான்று, ஏலம் வரை போனால் நாளிதழ் விளம்பரம், வக்கீல் கட்டணம். வக்கீலிடம் மொத்தத் தொகையாகப் பேசாமல் கட்டம் கட்டமாகப் பேசுங்கள்: மனு போட எவ்வளவு, பற்றுகை வரை எவ்வளவு, ஏலம் வரை எவ்வளவு. ரசீதுகள் அனைத்தையும் வைத்திருங்கள். நீதிமன்றம் அனுமதிக்கும் நிறைவேற்றுதல் செலவு கடனாளியின் கணக்கில் சேரும்.

பேட்டா கட்டத் தவறினால் மனு தள்ளுபடியாகும். "பேட்டா கட்டப்படவில்லை" என்ற ஒற்றை வரியில் மாதக்கணக்கான உழைப்பு போய்விடும். வாய்தாவுக்கு நீங்கள் வராததால் தள்ளுபடி ஆனால் திரும்பக் கோப்பில் எடுக்க 30 நாட்களே அவகாசம். மனுவுக்கு எண் கிடைத்ததும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (உங்கள் மனுவுக்கே உரிய கணினிப் பதிவு எண்) வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வாய்தாவையும் நீங்களே பாருங்கள். வக்கீலின் குமாஸ்தா சொல்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

7. வழியைத் தேர்ந்தெடுங்கள்

சொத்துப் பிரமாணப் பத்திரம்

சொத்து எதுவும் தெரியாதவர்களுக்கு இதுதான் முதல் வாசல். தீர்ப்பாணை 30 நாட்களாக நிறைவேறாமல் இருந்தால், கட்டளை 21 விதி 41-இன் கீழ் கடனாளி தன் சொத்து விவரம் முழுவதையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவு கேட்கலாம். நீதிமன்றத்துக்கு அழைத்து வாய்மொழியாக விசாரிக்கவும் கேட்கலாம். உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. செலவு குறைவு, பலன் அதிகம். ஆனாலும் பெரும்பாலானோர் இதைக் கேட்பதே இல்லை. உங்கள் வக்கீல் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். பத்திரத்தில் ஒரு சொத்தை மறைத்தார் என்று பின்னால் தெரிந்தால் அது அவருடைய நேர்மையின்மைக்குச் சான்றாகவும் உதவும்.

சம்பளப் பற்றுகை

மாதச் சம்பளக்காரர் என்றால் இதைவிட நிம்மதியான வழி கிடையாது. கணக்கு இப்படி: சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கே. எஞ்சிய மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கலாம். பற்றுகைக்கு உரிய சம்பளம் 31,000 ரூபாய் என்றால், 1,000 போக 30,000. அதில் மூன்றில் ஒன்று, மாதம் 10,000 ரூபாய். ஒரே தீர்ப்பாணைக்காக மொத்தம் 24 மாதங்களுக்கு மேல் பிடிக்க முடியாது. ஆக இந்த வழியில் 2,40,000 ரூபாய் வரை கிடைக்கும். அரசு ஊழியருக்குச் சில படிகள் அரசின் அறிவிக்கையால் விலக்குப் பெற்றவை என்பதால், கையில் வாங்கும் முழுத் தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

உத்தரவு போய்ச் சேர்ந்த பிறகும் பிடிக்காமல் முழுச் சம்பளத்தையும் கொடுத்தால், அந்தத் தொகைக்கு வேலை கொடுத்தவரே பொறுப்பு. இந்த வரி விதியிலேயே இருக்கிறது. சம்பளப் பிரிவில் இழுத்தடித்தால் விதி 48-ஐயோ, தனியார் நிறுவனம் என்றால் 48-ஏ-ஐயோ சுட்டிக்காட்டிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள்.

வங்கிக் கணக்கும் வரவேண்டிய பாக்கியும்

விதி 46, 46-ஏ. கடனாளிக்குப் பணம் தர வேண்டிய மூன்றாமவரை "கார்னிஷி" என்பார்கள். வங்கியும் அப்படி ஒரு மூன்றாமவர்தான். முதலில் பணத்தைக் கொடுக்கக் கூடாது என்று தடையாணை, பிறகு அதை நீதிமன்றத்தில் கட்டும்படி நோட்டீஸ். இங்கே வேகம்தான் எல்லாம். கணக்கில் எப்போது பணம் இருக்கும் என்று யோசித்து நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒப்பந்தக்காரர் என்றால் பட்டியல் தொகை வரும் நேரம், விவசாயப் பொருள் வியாபாரி என்றால் அறுவடைக்குப் பிந்தைய வாரங்கள்.

அசையும் பொருள் ஜப்தி

நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் ஊழியரான அமீனாவை அழைத்துக்கொண்டு போவது. பொருளை அடையாளம் காட்ட நீங்களோ உங்கள் ஆளோ கூடவே போக வேண்டும். எடுத்த பொருளை ஏற்றிச் செல்ல வண்டி, வைக்க இடம் எல்லாம் உங்கள் ஏற்பாடு. சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் குடியிருப்புக்குள் நுழைய முடியாது. தகராறு வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே காவல்துறைப் பாதுகாப்புக் கேட்டு உத்தரவு வாங்குங்கள். பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கும் நாற்காலிக்கும் ஏலத்தில் என்ன கிடைக்கும் என்று யோசித்துவிட்டு இறங்குங்கள். கடைச் சரக்கு, எந்திரம், கடன் இல்லாத வாகனம் என்றால் மட்டுமே இது பயன் தரும்.

வீடு, மனை, நிலம்

நீளமான வழி, ஆனால் பெரிய தொகைக்கு இதுதான் உறுதியானது. முதலில் பற்றுகை ஆணை. சொத்து இருக்கும் இடத்தில் தண்டோரா போட்டு, சொத்திலும் நீதிமன்றத்திலும் ஆணையை ஒட்டுவார்கள். இந்த ஆணைக்குப் பிறகு கடனாளி தனிப்பட்ட முறையில் விற்றாலும் உங்கள் உரிமைக்கு எதிராக அது செல்லாது. ஆணையின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், வில்லங்கச் சான்றில் பதிவானதா என்று கட்டாயம் பாருங்கள். அது பதிவாகாவிட்டால் ஒன்றும் அறியாத ஒருவர் வாங்கிவிட்டு வந்து நிற்பார். அவரோடு தனி வழக்கு நடத்த வேண்டியிருக்கும்.

பற்றுகை விழுந்ததும் பணம் கொண்டுவருபவர்கள் உண்டு. சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாமல் போவதே போதுமான நெருக்கடி. வராவிட்டால் விதி 66-இன் கீழ் ஏல அறிவிப்பு. இருதரப்பும் சொல்லும் மதிப்பு அதில் இடம்பெறும். அறிவிப்பு ஒட்டி 15 நாட்கள் கழித்தே ஏலம். ஏலம் எடுத்தவர் அங்கேயே 25 சதவீதமும், 15 நாட்களுக்குள் மீதியும் கட்ட வேண்டும். ஏலம் நடந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் கடனாளி, தீர்ப்புத் தொகையோடு ஏலத் தொகையில் 5 சதவீதத்தை ஏலம் எடுத்தவருக்காகவும் கட்டிச் சொத்தை மீட்டுக்கொள்ளலாம். அதற்குப் பிறகுதான் ஏலம் உறுதியாகும். நீங்களே ஏலம் எடுக்க விரும்பினால் முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வேண்டும்.

இங்கே ஒரு பெரிய பள்ளம். இரண்டு லட்சம் கடனுக்கு நாற்பது லட்சம் மதிப்புள்ள நிலத்தை முழுதாக ஏலத்துக்குக் கொண்டுவந்தால் அந்த ஏலமே பின்னால் ரத்தாகக்கூடும். கடனைத் தீர்க்கத் தேவையான பகுதியை மட்டும் விற்க வேண்டும் என்பது சட்டம். பிரிக்கக்கூடிய சொத்து என்றால் எந்தப் பகுதி என்று மனுவிலேயே எல்லையோடு குறியுங்கள்.

கைது

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான்: "பிடித்து உள்ளே போட முடியாதா?" கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் பணம் இல்லாததற்காக யாரையும் சிறையில் வைக்க முடியாது. வசதி இருந்தும் கொடுக்க மறுக்கிறார், அல்லது சொத்தை மறைக்கிறார், அல்லது ஓடிவிடப் பார்க்கிறார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. வசதி பற்றிய விசாரணையில் "அவர் வசதியானவர்" என்ற வாய்ச்சொல் நிற்காது. புதிதாக வாங்கிய வண்டி, கட்டும் வீடு, நடக்கும் ஒப்பந்த வேலை, வங்கிப் பரிமாற்றம் என்று ஆவணம் வேண்டும். பெண்களைப் பணத் தீர்ப்பாணைக்காகக் கைது செய்ய முடியாது. தொகை 2,000 ரூபாய்க்கு மிகாவிட்டால் சிறை இல்லை. 5,000 வரை ஆறு வாரம், அதற்கு மேல் மூன்று மாதம் வரை. சிறையில் இருக்கும் நாட்களுக்கான சாப்பாட்டுப் படியை நீங்கள்தான் கட்ட வேண்டும். சிறையிலிருந்து வந்தாலும் கடன் தீராது. ஆனால் அதே தீர்ப்பாணைக்காக மறுபடி கைது செய்ய முடியாது. அதனால்தான் இதை முதல் மனுவாகப் போடாதீர்கள் என்கிறேன்.

8. இழுத்தடிக்கும் வழிகளும் அவற்றுக்கு மறுமொழியும்

"நான் வாங்கவே இல்லை" என்று நிறைவேற்றுதல் நீதிமன்றத்தில் வாதாடினால் அது எடுபடாது. தீர்ப்பாணைக்குப் பின்னால் போய் ஆராய அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை.

"தவணையில் கட்டுகிறேன்" என்பது அடுத்தது. தீர்ப்பாணை வந்த பிறகு உங்கள் சம்மதம் இல்லாமல் தவணை கொடுக்க முடியாது என்று கட்டளை 20 விதி 11 சொல்கிறது. நியாயமான தொகை என்றால் நான் ஒப்புக்கொள்ளவே சொல்வேன். ஆனால் எழுத்தில், நீதிமன்றப் பதிவில், ஒரு தவணை தவறினாலும் முழுத் தொகைக்கும் மனு தொடரும் என்ற நிபந்தனையோடு. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்தாலும் இதே வாசகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

சொத்து எனது என்று உறவினர் ஒருவர் உரிமைகோரும் மனு போடுவார். கட்டளை 21 விதி 58-இன் கீழ் அதையும் அதே நீதிமன்றம் விசாரிக்கும். வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு யார் பெயரில் என்ற ஆவணங்கள் இங்கேதான் கைகொடுக்கும்.

கடைசியாக மஞ்சள் நோட்டீஸ். நொடிப்பு (திவால்) மனு போட்டுவிட்டேன், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று மிரட்டுவார்கள். மனு போட்டதாலேயே ஒருவர் நொடித்தவர் ஆகிவிடுவதில்லை. நீதிமன்றம் அப்படி அறிவித்த பிறகுதான் அதன் அனுமதியின்றி நீங்கள் தொடர முடியாத நிலை வரும். நோட்டீஸ் வந்த தேதியில் முன்னிலையாகி, அவர் மறைத்த சொத்தைக் காட்டி எதிருரை போடுங்கள். நோட்டீஸைப் பார்த்தே பயந்து ஒதுங்கிவிடும் கடன்கொடுத்தவர்களை நம்பித்தான் பலர் அதை அனுப்புகிறார்கள்.

கடனாளி இறந்துவிட்டால் வாரிசுகள் மீது மனு தொடரலாம். ஆனால் அவரிடமிருந்து அவர்களுக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே.

9. எவ்வளவு காலம் ஆகும்

நிறைவேற்றுதல் மனுவை ஆறு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் ராகுல் ஷா வழக்கில் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன பெரியம்மாள் வழக்கில் 2025 மார்ச்சில் அதை இன்னும் அழுத்தமாகச் சொல்லி, நிலுவையிலுள்ள மனுக்களின் கணக்கை எடுத்து விரைந்து முடிக்கும்படி உயர் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டது. நடைமுறையில் சம்பளமும் வங்கிக் கணக்கும் மாதங்களில் முடியும். அசையாச் சொத்து ஆண்டுகள் பிடிக்கும் என்று எதிர்பார்த்து இறங்குங்கள். மனு ஆறு மாதத்தைத் தாண்டினால் இந்த இரண்டு தீர்ப்புகளையும் குறிப்பிட்டு விரைவில் முடிக்கக் கோரி ஒரு குறிப்பாணை தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.

10. பணம் வந்ததும்

நீதிமன்றத்தில் கட்டப்பட்ட பணம் தானாக உங்கள் கணக்குக்கு வராது. அதைப் பெற உங்கள் வங்கி விவரத்தோடு தனியாகக் காசோலை மனு போட வேண்டும். கடனாளிக்கு வேறு கடன்கொடுத்தவர்கள் இருந்து, பணம் நீதிமன்றத்துக்கு வரும் முன்பே அவர்களும் அதே நீதிமன்றத்தில் நிறைவேற்றுதல் கேட்டிருந்தால், தொகை விகிதப்படி பங்கிடப்படலாம்.

கடனாளி உங்கள் கையில் நேரடியாகக் கொடுத்தால் ரசீது கொடுங்கள், நீதிமன்றத்திலும் பதிவு செய்யுங்கள். வெளியே நடந்த கொடுக்கல் நீதிமன்றத்தில் பதிவாகாவிட்டால் பின்னால் யார் பேச்சும் எடுபடாது. முழுத் தொகையும் வந்துவிட்டால் முழுத் திருப்தி என்று குறிப்பாணை போட்டு மனுவை முடித்து, பற்றுகையை நீக்கும் உத்தரவைச் சார்பதிவாளருக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். வில்லங்கச் சான்றில் அந்த நீக்கம் பதிவாகும் வரை உங்கள் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள்.